பாவு முளையில் ஏறிய சிவப்புக் கார்

பத்து மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தபோது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பவுல்துரை தம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஆரணியின் நெசவுத் தெருவுக்குள் திருப்பினார். குவைத்திலிருந்து மகன் ஆன்சன் வாங்கி அனுப்பியது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த கார்.

மெயின் ரோட்டில் நேரே போயிருந்தால் சர்ச்சுக்கு ஏழே நிமிடம். ஆனால் மெயின் ரோட்டில் அவரை யாருக்குத் தெரியும்? இந்தத் தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் அடி வாங்கியதோடு படிப்பை நிறுத்தியவர்கள். இவர்கள் பார்க்காத காரில் மகளைக் கல்யாணத்துக்கு அழைத்துப்போய் என்ன பயன்?

பக்கத்து சீட்டில் வெள்ளைப் பட்டும் முக்காடுமாக இவாஞ்சலின் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, பாவு போட்டுகினு இருக்காங்க. ரிவர்ஸ் எடுங்க."

ரிவர்ஸ் எங்கே இருக்கிறது என்பது பவுல்துரைக்குக் காலையிலிருந்தே பிடிபடவில்லை. அதை மகளிடம் சொல்வதைவிட முன்னால் போவது சுலபமாக இருந்தது.

தெருவின் வலப்பக்கம் நாற்பது அடி நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில், பட்டு நூலைக் கட்டில் அகலத்துக்கு விரித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதுதான் பாவு, புடவையில் நீளவாக்கில் ஓடுகிற நூல். ஒரு நூல் அறுந்தால் பிணைத்துவிடலாம். மொத்தமும் தொய்ந்து சிக்கினால் அள்ளிக் குப்பையில் போட வேண்டியதுதான். பாவின் முனையைக் கோத்திருந்த கடைசிக் கோலிலிருந்து ஒரு கயிறு இறங்கி, தெருவில் அடித்திருந்த இரும்பு முளையில் கட்டியிருந்தது. அந்த முளை பவுல்துரைக்குத் தெரியவில்லை. அந்தக் காரில் உட்கார்ந்தால் வானம் தெரியும், தரை தெரியாது.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கார் 'புஸ்' என்று பெருமூச்சு விட்டு முளையின் மேல் ஏறியது. பவுல்துரை பதறி ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க, கார் முளையையும் பிடுங்கிக்கொண்டு சுவரோரம் ஒண்டி நின்றது. இவாஞ்சலின் பக்கத்துக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல்தான் இடைவெளி.

கயிறு அறுந்துவிட்டது. சடையப்பனும் அவன் மனைவி பரிமளாவும் பாய்ந்து கோலைப் பிடித்துக்கொண்டார்கள். பாவு ஒரு முறை குலுங்கி நின்றது.

பவுல்துரை வயிற்றை எக்கிக்கொண்டு தம் பக்கத்துக் கதவு வழியே வெளியே வந்தார். "ஏம்பா சடையப்பா, நடுத்தெருவிலயா முளை அடிப்பாங்க?"

"இன்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க?" சடையப்பன் கோலை விடாமல் சொன்னான். "ஏழாங்கிளாஸ்ல நீங்கதானே சொன்னீங்க, நீ முளை அடிக்கத்தான் லாயக்குன்னு. அன்னிலேர்ந்து அடிச்சிகினுதான் இருக்கேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். பரிமளா சிரிக்கவில்லை. "பேச்சு அப்புறம். கஞ்சி போட்ட பாவு. வெயில் ஏறினா காஞ்சி ஒட்டிக்கும். ஜல்தி வண்டிய எடுக்கச் சொல்லு."

மணி பத்து ஐந்து. பாஸ்டர் நேற்றே கறாராகச் சொல்லியிருந்தார்: பத்தரைக்குப் பெண் வாசலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சேத்துப்பட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார், திரும்பி வர மூன்று மணியாகும். மாப்பிள்ளை சார்லியின் வீட்டார் பாதி மனசோடுதான் சம்மதித்திருந்தார்கள். மூன்று மணி வரை உட்காரவைத்தால் அந்தப் பாதியும் பஸ் ஏறிவிடும்.

பவுல்துரை ஸ்டெப்னியைத் தேடினார். பின்பக்கம் திறந்தால் இன்ஜின் இருந்தது. முன்பக்கம் திறந்தால் ஒரு சின்னப் பை, அதற்குள் ஒரு பாட்டில். இருமல் மருந்தைப் பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா, ஆட்டோ கூப்பிடுங்க. தெருமுனைக்கு வரட்டும்."

"ஆட்டோவா! போட்டோகிராபர் வாசல்ல காருக்காகக் காத்துகினு இருக்கான்."

"நான் இங்க மாட்டிகினு இருக்கேன் அப்பா. கதவே தொறக்கல. சீட்டுக்கு நடுவுல இருக்குற இந்த மேட்டைத் தாண்டி உங்க பக்கம் வந்தா புடவை கிழிஞ்சிடும்."

அப்போதுதான் போன் அடித்தது. பவுல்துரையின் சட்டைப்பையில் அல்ல, காருக்குள். காலையில் என்னத்தையோ அமுக்கப்போய் போன் காரோடு சேர்ந்துகொண்டிருந்தது. திறந்த கதவு வழியே எட்டு ஸ்பீக்கரிலும் ஓர் இளைஞனின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"பவுல்துரை சாருங்களா? செல்ஃப் டிரைவ் ஆபீஸ்லேர்ந்து ராஜேஷ். வண்டி நம்பர் பதினாலு ஒரே எடத்துல நிக்குதே, ஜிபிஎஸ்ல பாத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு வாடகை முடியுது, ஞாபகம் இருக்குல்ல சார்?"

பவுல்துரை காருக்குள் தலையை விட்டு, கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கினார். வைப்பர் ஆடியது. குரல் நிற்கவில்லை.

"பஞ்சர்னா சொல்லுங்க சார். இந்த மாடல்ல ஸ்டெப்னி கிடையாது. பாட்டில்ல பசை இருக்கும், ஆனா டயர் சைடுல கிழிஞ்சிருந்தா அது வேலைக்காகாது. வேலூர்லேர்ந்து லாரி அனுப்பணும், ரெண்டு மணி நேரமாகும்."

டயரின் பக்கவாட்டில் முளை ஒரு சாண் உள்ளே போயிருந்தது.

தெரு இந்த முறை சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அவர் அதட்டியிருப்பார்.

இவாஞ்சலின் மெதுவாகக் கேட்டாள். "ஆன்சன் அனுப்பினதுன்னு சார்லி வீட்ல சொன்னீங்களே அப்பா?"

பவுல்துரை கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து பன்னிரண்டு.

"சார், முன்பக்கம் காலி பெட்டிதான். ஆறு பேர் புடிச்சா தூக்கிடலாம்" என்றான் சடையப்பன். "முளை எனக்கு வேணும், பொண்ணு உங்களுக்கு வேணும். ஆனா ஆறாவது ஆள் நான்தான். என் கையில பாவு இருக்கே."

பவுல்துரை சுற்றிலும் பார்த்தார். கை சும்மா இருந்த ஒரே ஆள் அவர்தான்.

"இந்தாங்க, புடிங்க. ரெண்டு கையாலயும். ஒடம்பைப் பின்னால சாய்ச்சிக்கினு நில்லுங்க" என்றாள் பரிமளா. "தளர்த்துனா போச்சு. சார், மூச்சை இப்படி விடாதீங்க, பாவு ஆடுது!"

முப்பத்தோரு வருடம் மற்றவர்களை நிற்கவைத்த மனிதர் கோட்டு சூட்டில் நின்றார். கஞ்சி மணிக்கட்டு வழியே கோட்டுக் கைக்குள் இறங்கியது. நாற்பது அடிப் பட்டு மொத்தமும் அவரை முன்னால் இழுத்தது. பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. சர்ச்சில் காத்திருக்கும் மனைவி பாக்கியமேரியாகத்தான் இருக்கும். எடுக்க முடியாது.

"ஏய், தூக்கு! இன்னும் கொஞ்சம்! வலதுபக்கம் சாய்க்காதே, பாவு!"

கார் ஒரு முழம் எழும்பி நகர்ந்தது. கதவு திறந்தது. இவாஞ்சலின் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனையில் சின்னக்கண்ணு ஓட்டுகிற குட்டியானை லாரி நூல் மூட்டைகளோடு நின்றிருந்தது. யாரோ அதை நிறுத்திவைத்திருந்தார்கள்.

"அப்பா, பத்து இருபத்திரண்டு. வாங்க."

"முளை அடிக்கலையேம்மா."

"விட்டுட்டு வாங்க, நான் தனியா புடிச்சிக்கிறேன்" என்றாள் பரிமளா. ஆனால் அவள் சொல்லும்போதே கோல் ஒரு விரல் முன்னால் நகர்ந்தது.

பவுல்துரை விடவில்லை. விட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பத்து நிமிடத்தில் அவர் தோளுக்குத் தெரிந்திருந்தது. "நீ போய் வண்டியில ஏறும்மா."

"நீங்க இல்லாம போய் யாரு கையப் புடிச்சிகினு உள்ள நடக்குறது?" அவள் நகரவில்லை.

சடையப்பன் முளையைச் சம்மட்டியால் அடித்தான். முளை கோணியது. பிடுங்கி, நிமிர்த்தி, மறுபடி அடித்தான். பவுல்துரை ஒவ்வொரு அடியையும் எண்ணினார். பதினேழாவது அடியில் நின்றது. கோலிலிருந்து அதற்குப் புதுக் கயிறு கட்டினான்.

"விடுங்க சார்."

பத்து இருபத்தைந்து. மகள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தந்தை பின்னால் நூல் மூட்டைகளுக்கு நடுவே, பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனார். மார்க்கெட் வளைவில் மாடு குறுக்கே வந்தது. சின்னக்கண்ணு மாட்டைத் திட்டினான், மாட்டுக்காரனைத் திட்டினான், பவுல்துரையைப் பார்த்து, "சாரி சார்" என்றான்.

சர்ச் வாசலில் பாஸ்டர் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

போட்டோகிராபர் கேமராவை உயர்த்தி, குட்டியானையைப் பார்த்துவிட்டு இறக்கினான். சார்லியின் அப்பா படியிறங்கி வந்தார். "சம்பந்தி, கார் எங்க?"

டயர் கம்பெனி, தாலுகா ரோடு, அரசாங்கம் என்று பழி போடப் பவுல்துரைக்கு ஆள் நிறைய இருந்தது. ஆனால் நல்ல பொய் ஒன்றைச் சோடிக்க அவருக்கு எப்போதும் ஐந்து நிமிடமாவது வேண்டும். பாஸ்டர் கொடுத்திருந்தது ஒன்று.

"அது வாடகைக் காருங்க, பஞ்சர்" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.