மூச்சுக்கு ஓர் உவமை

1

1986 ஜனவரி, குமாரபாளையம். விசைத்தறித் தொழிலாளி மாரியப்பன் ஒரு சிறிய மருத்துவமனையில் இன்ஹேலர் பயன்படுத்தக் கற்றுக்கொண்டு வீடு திரும்பினார்.

இந்தக் கதை அந்த வாக்கியத்திலிருந்து பிறந்தது. தறிக்கூடத் தூசியைப் பற்றிக் கட்டுரை எழுத அந்த ஊருக்குப் போயிருந்தேன். மருத்துவரைச் சந்திக்கக் காத்திருந்தபோது, பாதி விலகிய திரைக்கு அப்பால் அந்தப் பாடம் நடந்தது. கட்டுரையை முடித்து அனுப்பிவிட்டேன். பாடம் மிஞ்சியது. அதை ஒரு சிறுகதையாக்கலாம், யாருக்கும் தீங்கு நேராத கதையாக இருக்கட்டும் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மூச்சு என்பது—"

(வேண்டாம். மூச்சைப் பற்றித் தத்துவம் பேசுகிறவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "காவிரிப் பாலத்தில் பனி விலகாத காலை. மாரியப்பன் நடப்பதும் நிற்பதுமாக—"

(அவரைப் பாலத்தில் நான் பார்க்கவே இல்லை.)

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நாள்பட்ட நுரையீரல் நோய், ஐம்பதை நெருங்கும் வயது, பேசினால் நடுவில் நிறுத்த வேண்டிய மூச்சு. செவிலியர் சௌந்திரம் கொடுத்த இன்ஹேலரை மாரியப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் நர்சம்மா, பூச்சிமருந்து அடிக்கற பம்பாட்ட இருக்குதுங்க?"

"பூச்சி உங்க நெஞ்சுலதானுங்க இருக்குது. அடிங்க."

அழுத்தினார். மருந்து மூக்கு நுனியை நனைத்தது.

"பீடின்னா மட்டும் தப்பாம வாய்க்குப் போகும்," என்றார் மனைவி சாலம்மாள்.

மறுபடி அழுத்தினார். இந்த முறை வெண்புகை உதட்டோரம் வெளியேறியது.

"மெதுவா, ஆழமா இழுங்க," என்றார் சௌந்திரம்.

"ஆழம்னா எவ்வளவு ஆழமுங்க?"

சௌந்திரம் சற்று யோசித்தார். "நாடாவுல நூல உறிஞ்சி எடுப்பீங்கல்ல? அதாட்ட உறிஞ்சுங்க."

(நாடா என்பது படகு வடிவக் கட்டை. தறியில் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு ஓடும். நூல் தீர்ந்ததும் புதிய நூல்கண்டை அதற்குள் செருகி, பக்கவாட்டுத் துளையில் வாயை வைத்து உறிஞ்சி நுனியை வெளியே எடுப்பார்கள். நாளெல்லாம் இதே வேலை.)

மாரியப்பனின் முகம் தெளிந்தது. இன்ஹேலரை வாயில் வைத்தார், அழுத்தினார், கன்னம் குழிய ஒரே உறிஞ்சல். புகை துளிகூட வெளியே வரவில்லை.

"அட, இதுதானுங்களா! இதத் தூக்கத்துலயும் பண்ணுவனுங்க."

நல்ல உவமை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

3

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஒரு வாக்கியம்தான் பாக்கி. உள்ளே போன மருந்து என்ன செய்தது என்று எழுத வேண்டும்.

"மருந்து நாக்கைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி—"

பேனா நின்றது. பேனா மூடியின் துளையில் ஒரு நூலை நுழைத்து, நானே வாயால் உறிஞ்சிப் பார்த்தேன். நூல் நாக்குக்கு வந்தது. மார்பில் கையை வைத்துக்கொண்டு மறுபடி உறிஞ்சினேன். நூல் வந்தது. மார்பு அசையவில்லை.

என் பயம் அங்கே தொடங்கியது. என் கதையில் வருகிறவர் காகிதத்தில் இல்லை, குமாரபாளையத்தில் இருக்கிறார்.

மறுநாள் பேருந்தைப் பிடித்துப் போய் ஒரு தறிக்கூடத்தின் வாசலில் நின்றேன். நாடாவை உறிஞ்சிய ஒவ்வொருவரும் உடனே துப்பினார்கள். பஞ்சு உள்ளே போய்விடக் கூடாது என்று தொண்டையை அடைத்துக்கொண்டு, கன்னத்தால் மட்டும் உறிஞ்சி, நாக்கோடு நிறுத்தித் துப்புகிறார்கள். தறிக்கு வந்த புதிதில் உடம்பு கற்றுக்கொள்வது இது. பிறகு மறப்பதில்லை.

4

சௌந்திரத்திடம் சொன்னேன்.

"அவரு இங்க துப்புலீங்களே," என்றார். பிறகு அவரே, "ஆஸ்பத்திரிக்குள்ள யாரு துப்புவாங்க," என்று சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

மாரியப்பன் வீட்டுக்கு அவருடன் நடந்தேன். என் தலைக்குள் முடிவுகள் ஓடின. முடிவு ஒன்று: மாரியப்பனுக்கு இளைப்பு தானாகவே தணிந்துவிட்டது. (இந்த நோய் அப்படித் தணிவதில்லை.) முடிவு இரண்டு: தெருமுனை திரும்பியதும் ஒரு பந்தல், அதன் கீழே—

பந்தல் இல்லை. கயிற்றுக் கட்டிலில் மாரியப்பன் முழங்காலில் கை ஊன்றி முன்சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

"வாங்க… நர்சம்மா. உங்க மருந்து… கேக்குலீங்க."

"நாளெல்லாம் அதையேதானுங்க அடிச்சுட்டுக் கெடக்கறாரு," என்றார் சாலம்மாள். குரலில் அன்றைய கிண்டல் இல்லை.

மாரியப்பன் செய்து காட்டினார். அழுத்தினார், உறிஞ்சினார், முகத்தைத் திருப்பிச் சாக்கடையில் துப்பினார். "சரியாத்தானுங்களே… பண்றேன்?"

"நான் சொன்னது தப்புங்க," என்றார் சௌந்திரம். "அத மறந்துருங்க. மூச்ச முழுக்க வெளிய உடுங்க. அப்புறம் மெல்ல இழுத்துட்டே அழுத்துங்க. நெஞ்சு நெறஞ்சதும் அப்படியே நிறுத்துங்க."

"எதாட்டங்க?"

சௌந்திரம் வாயைத் திறந்தார். பீடி என்று சொல்லப் போகிறார் என நினைத்தேன். மூடிக்கொண்டார்.

"எதாட்டவும் இல்லீங்க." தன் உள்ளங்கையை அவர் மார்பில் வைத்தார். "இந்தக் கை மேல வரோணும். அவ்வளவுதான்."

முதல் முறை கன்னம் குழிந்தது, துப்பினார். அடுத்த முறை துப்பவில்லை, ஆனால் கை எழவில்லை.

(இங்கே ஒரு பத்தியை அடித்துவிட்டேன். அது முழுக்க உவமைகள்.)

பிறகு கை எழுந்தது. மாரியப்பனின் கண்கள் விரிந்தன. இன்ஹேலரை வாயிலிருந்து பிடுங்கினார்.

"உள்ள போகுதுங்க!"

அவ்வளவு பயத்தை நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை. உள்ளே எதையும் விடாமல் காத்துத்தான் அந்த உடம்பு தறியில் இவ்வளவு காலம் தள்ளியிருந்தது.

"போகட்டுமுங்க," என்றார் சௌந்திரம். "போகோணுமுங்க. இன்னொருக்கா."

சாலம்மாள் அவருடைய முதுகைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் தோள்கள் இறங்கத் தொடங்கின.

5

வெளியே வந்ததும் சௌந்திரத்திடம் கேட்டேன். வேறு யாருக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள்?

"தறிக்காரங்க எல்லாத்துக்கும்ங்க. அவங்கதான் ஒடனே புடிச்சுக்குவாங்க."

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்ததும் அவர் வீடு வீடாகப் போனார். எல்லோருடைய மார்பிலும் கையை வைத்துப் பார்த்தார். ஒருவர் மட்டும் ஊரில் இல்லை. அம்மாசி என்ற முதியவர், உடம்புக்கு முடியாமல் ஜேடர்பாளையத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

விரும்புகிறவர்கள் கதையை இங்கே முடித்துக்கொள்ளலாம். இதுவரை எல்லோருக்கும் மூச்சு இருக்கிறது. அம்மாசிக்கு உங்களால் என்னைவிட நல்ல முடிவு ஒன்றை எழுத முடியும். நானும் எழுதிப் பார்த்தேன். காற்றோட்டமான வீடு, காவிரிக் கரையோரம், பஞ்சு இல்லாத—

ஞாயிற்றுக்கிழமை சௌந்திரம் ஜேடர்பாளையம் போனார். அம்மாசி அதற்கு முந்தைய வாரம் இறந்திருந்தார். மகள் குப்பாயி இன்ஹேலரை எடுத்துவந்து கொடுத்தார். அது காலியாக இருந்தது.