சிம்சோன் படித்த பாடம்

திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததும் ஜான்சியின் கண்ணில் பட்டது மாடு கட்டும் சங்கிலி. அதன் முனையில் சிம்சோன் கிடந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன், தேனியில் அவள் வீட்டு வாசலில் வண்டியேற்றிவிட்டபோது உடம்பு திரண்டிருந்த பிட்புல் நாய். இப்போது விலா எலும்பை எண்ணலாம். அவளைக் கண்டதும் வால் மண்ணை அடித்தது. வாய் திறக்கவில்லை.

"பாத்தீகளா யக்கா? திருடன் வந்தா பழக்கூடைய இதுவே தூக்கிவிடும் போல," என்றான் ஈஸ்வரபாண்டி. சின்னமனூர்த் தோட்டக்காரன், அதைத் தத்தெடுத்தவன்.

"சோறு போடுறதில்லையா தம்பி?"

"குலைச்சாத்தான் சோறு. பசி வந்தா தானா குலைக்கும்னாக. ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் வைக்கேன். அடிச்சும் பாத்தாச்சு. ஊமையா முழிக்குது."

மறைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அதில் என்ன தப்பு என்று கேட்பவனைப் போல நின்றான். பட்டினி போடுவதை ஜான்சியும்தானே செய்திருந்தாள்.

பிட்புல் வளர்க்கத் தடை என்று டிவியில் ஓடிய வாரம், பெரியகுளம் சாலையோரப் புளியமரத்தில் அதை யாரோ கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காதுகளை ஒட்ட வெட்டியிருந்தது. நல்ல இடம் அமையும்வரை யாராவது வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று நாய் மீட்பு வாட்சப் குழுவில் கேட்டபோது ஜான்சி சரியென்றாள். கணவர் ஞானதுரைக்கு பஜாரில் பாத்திரக்கடை. நாள் முழுக்கச் சத்தத்தில் இருந்துவிட்டு வருபவர். "குலைக்கிற சத்தம் ஒருவாட்டி எனக்குக் கேட்டாலும் அன்னைக்கே வெளிய," என்றார்.

அந்த வீட்டில் சத்தமில்லாமல் இருப்பது எப்படி என்று பத்தொன்பது வருஷமாகத் தெரிந்தவள் அவள். அதையே நாய்க்கும் சொல்லிக்கொடுத்தாள். குரைத்தால் தட்டு போய்விடும். ஒருமுறை இரண்டு நாள் தட்டையே காட்டவில்லை. கதவிடுக்கில் மூக்கை வைத்து அது முனக, உள்ளே நின்றபடி அவள் சாப்பிட்டு முடித்தாள். வாய்மூடிப் படுத்தால், உதட்டில் விரல் வைத்துக் காட்டி, கைப்பையிலிருந்து ஒரு மேரி பிஸ்கட். மூன்றாவது வாரம் கேஸ்காரர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தும் அது மூச்சுவிடவில்லை. அன்று அவளுக்கு இருந்த பெருமை! 'சாதுவானது, சத்தமே போடாது' என்று அவளே விளம்பரம் எழுதினாள். ஈஸ்வரபாண்டி எழுத்தைப் படிக்கவில்லை. படத்தில் தாடையைப் பார்த்தான். அவளும் அவன் வீட்டுச் சுவர் உயரத்தைப் பார்த்தாள், தண்ணீர்த்தொட்டியைப் பார்த்தாள். எதற்கு நாய் என்று கேட்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன் யக்கா. மலையடிவாரத்துல பன்னி வேட்டைக்குப் போறவக கேட்டிருக்காக. அவுகளுக்குக் குலைக்காத நாய்தான் வேணுமாம், பன்னிக்கு முன்னால விட."

பந்தலுக்கு வெளியே வந்து ஞானதுரைக்குப் போன் செய்தாள்.

"திருப்பிக் கூட்டியாந்துரட்டுமாங்க?"

"கூட்டிட்டுப் போ. நீயும் அதுவும் எங்கனயாச்சும் இருந்துக்கங்க." குரல் உயரவே இல்லை. அவர் குரல் எப்போதும் உயர்ந்ததில்லை.

திரும்பி வந்து நாயின் முன்னால் மண்டியிட்டாள். தொண்டையைச் செருமினாள். பிறகு குரைத்தாள்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமா. எனக்கே கேக்கலையே!" ஈஸ்வரபாண்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏ பாண்டீஸ்வரி, இங்கன வந்து பாரு, யாரு குலைக்கிறாகன்னு!"

அவன் மனைவி வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஜான்சி மறுபடி குரைத்தாள். மூன்றாவது முறை தொண்டை கிழிந்து வந்த சத்தம் குரைப்பாக இல்லை. அப்படியொரு சத்தம் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. பந்தலுக்கு மேலிருந்து இரண்டு மைனாக்கள் எழும்பிப் பறந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

சிம்சோன் அவளையே பார்த்தது. மெல்ல முன்னங்கால்களை நீட்டி, அவற்றின்மேல் தாடையை வைத்து, வாயை இறுக மூடிக்கொண்டது. பிறகு அதன் கண்கள் அவளது கைப்பைக்குப் போயின. மூடிய வாயின் ஓரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கி மண்ணைத் தொட்டது.