பின்கதவுக்கு அனுப்பிய கதைகள்

'பின்கதவு' என்ற சிற்றிதழ் யேசுரட்ணத்தின் கதைகளை எட்டு முறை வேண்டாமென்று சொல்லியிருந்தது. வாய் திறந்து சொல்லவில்லை. இதழின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கும்: 'ஆறு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் படைப்பு ஏற்கப்படவில்லை எனக் கொள்க.' மனிதர் எட்டு முறையும் அப்படியே கொண்டார். பகல் முழுக்க மிசிசாகாவில் விமானப் பொதிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலிருந்த வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்து வைத்து எழுதிய கதைகள் அவை.

சும்மாவும் கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் ஏன் பிடிக்காமல் போனது என்று மண்டையைப் போட்டு உடைத்தார். முதற்கதையின் முடிவில் வாசகருக்குப் புத்தி சொல்லியிருந்தார். அதுதான் பிழையென்று தீர்மானித்து, இரண்டாவதில் வாயை மூடிக்கொண்டார். இரண்டாவதில் எல்லாரும் அழுதார்கள். மூன்றாவதில் ஒருவர் மட்டும் அழுதார். ஐந்தாவதில் நிலவை முக்கால் பக்கத்துக்கு வருணித்துவிட்டு, ஆறாவதில் நிலவே இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

"லேசுப்பட்ட ஆசிரியர் குழு இல்லை. ஒரு சொல்லுச் சொல்லாமலே என்னைத் திருத்துது," என்று மனைவி அன்ரனெற்றிடம் பெருமையாகவே சொல்வார்.

அன்ரனெற்றுக்கு அந்தக் குழுவைக் கண்ணில் காட்டக்கூடாது. "ஓமெண்டோ இல்லையெண்டோ ஒரு வரி எழுதினா அவையின்ர கை முறிஞ்சு போமோ?" என்பார்.

ஒன்பதாவது கதையை அனுப்பும்போது யேசுரட்ணம் ஒரு முடிவு எடுத்திருந்தார். இதுவும் போனால் எழுத்தை விட்டுவிடுவது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் தனக்கு எழுத வருமா வராதா என்று தெரிந்துகொள்ளத்தானே வேண்டும். வராதென்றால் வராது.

அந்த ஆறு மாதம் முடிகிற சனிக்கிழமை பார்த்து, 'பின்கதவு' புதிய இதழின் வெளியீடு யூனியன்வில்லில் நடந்தது. "நேர போய் ஒருக்காக் கேளுங்கோவன்," என்று அன்ரனெற் அவரைக் காரில் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு போனார். நாலு மணிக் கூட்டம் ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. மேடையில் ஏழு பேர், கீழே பத்தொன்பது பேர். உரைகள் ஓய்ந்து றோல்ஸும் தேநீரும் வந்ததும், அன்ரனெற் முழங்கையால் அவரை இடித்தார்.

வருகிற கதைகளைப் பார்த்துத் தெரிவுசெய்கிறவள் அட்சயா. இருபத்தாறு வயது, புலம்பெயர்ந்த இந்த நாட்டிலேயே பிறந்து, பிடிவாதமாகத் தமிழ் படித்து இலக்கியம் வரைக்கும் வந்து சேர்ந்த பெண். யேசுரட்ணம் அவளிடம் போய்த் தன் பெயரைச் சொன்னார்.

அவள் கையில் றோல் பாதி வழியில் நின்றது. "ஓ மை காட். வைரஸ் அங்கிள்," என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"என்ன பிள்ளை?"

"சொறி அங்கிள். உங்கட பைலைத் திறந்தா முழுக்க இங்கிலிஷ் எழுத்தும் கமாவும்தான். ஒரு சொல்லும் விளங்காது. நான் வைரஸ் எண்டனான். எங்கட குழுவில இருக்கிற ஜெனோசன், இல்லை, இது எக்ஸ்பெரிமென்ரல் கவிதை, போடுவம் எண்டு ஒரு மாசம் என்னோட சண்டை. பதில் போட்டா கொம்பியூட்டருக்க பூந்திடும் எண்ட பயத்தில ஒண்டும் எழுதேல்லை. எல்லாத்தையும் ஒரு போல்டருக்கை பூட்டி வைச்சிருக்கிறம்."

யேசுரட்ணத்துக்கு மெல்லத்தான் விளங்கியது. அவர் கணினி பழகிய காலத்தில் எங்கள் சனம் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் தட்டியது. அது இருக்கிற கணினியில் தமிழ் முத்துமுத்தாகத் தெரியும். இல்லாததில் ஆங்கில எழுத்தைக் கொட்டிக் கிளறிய மாதிரிக் கிடக்கும். அட்சயாவின் வயதுக்காரர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. இவரோ கதையோடு சேர்த்து அனுப்பும் கடிதத்தை மட்டும் மரியாதைக்காக ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, கீழே பெயரைப் போட்டு அனுப்பியிருந்தார்.

நாலரை வருடம். ஒருவரும் ஒரு வரிகூட வாசித்திருக்கவில்லை. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. தேநீரை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றார்.

"அங்கிள், எனக்கு ஒரு கிழமை தாங்கோ," என்றாள் அட்சயா. "எல்லாத்தையும் மாத்தி வாசிக்கிறன். ஒவ்வொண்டுக்கும் தனித்தனியாப் பதில் போடுவன்."

அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கணினியில் ஒன்பது கடிதங்கள் கிடந்தன. யேசுரட்ணம் ஒழுங்காக முதலாவதிலிருந்து திறந்தார். 'இது வேண்டாம் அங்கிள். கடைசியில் நீங்களே வந்து நின்று புத்தி சொல்கிறீர்கள்.' இரண்டாவது: 'வேண்டாம். எல்லாரும் அழுகிறார்கள், எனக்கு அழுகை வரவில்லை.' ஐந்தாவது: 'நிலவு போதும்.' எட்டு வரைக்கும் வேண்டாம், வேண்டாம்தான். யேசுரட்ணம் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"இல்லையெண்டு எழுதிக் கிடக்கு, இந்தாள் சிரிக்குது," என்றார் குசினியிலிருந்து வந்த அன்ரனெற்.

"வாசிச்சிருக்கிறாளப்பா. ஒவ்வொரு வரியா இருந்து வாசிச்சிருக்கிறாள்."

ஒன்பதாவதைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. அன்ரனெற்தான் திறந்தார். 'இது அடுத்த இதழில் வருகிறது. ஒரு சொல்லும் மாற்ற மாட்டோம். இவ்வளவு நாள் வாசிக்காததற்கு மன்னியுங்கள்.'

யேசுரட்ணம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு கண்ணையும் துடைத்தார். அன்ரனெற் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்ற எட்டுக் கடிதங்களையும் ஒன்றொன்றாகப் பார்த்தார்.

"உந்தப் பிழையெல்லாம் நீங்கள் முதலே கண்டுபிடிச்சு, அடுத்தடுத்த கதையில செய்யாம விட்டனீங்களெல்லே. அவையள் ஒருத்தரும் வாசிக்கவுமில்லை. அப்ப உங்களைத் திருத்தினது ஆர்?"

வீட்டில் வேறு யாருமில்லை, இருந்தும் யேசுரட்ணம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான்தான் போல," என்றார்.