எல்லோர் கூடையிலும் சிவப்புச் செருப்பு

அக்காவின் செருப்புக் கடை இணையதளம் ஒரே சர்வரில் ஓடியது. அது படுத்துவிட்டால் வாடிக்கையாளர்கள் கூடையில் போட்டதெல்லாம் காணாமல் போய்விடும்.

"இன்னைக்குள்ள சரி பண்ணிக் காட்டு. இல்லன்னா வேலையை வேற ஆளுகிட்ட கொடுத்துடுவேன்" என்றாள் அக்கா. தம்பி என்று சலுகை காட்டுகிறவள் அல்ல. எனக்கே செருப்பை முழு விலைக்குத்தான் விற்பாள்.

நான் இரண்டு சர்வர்களை இணைத்து, ஒன்றில் இருக்கும் கூடை மற்றதிலும் பதிவாகும்படி நிரல் எழுதினேன். அக்கா ஒரு சிவப்புச் செருப்பைக் கூடையில் போட்டாள். நான் முதல் சர்வரின் ஒயரைப் பிடுங்கினேன். செருப்பு அசையவில்லை.

"பரவாயில்லையேடா!" என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது கிரகணம் மாதிரி, எப்போதாவதுதான்.

அதற்குள் கடை போன் அடித்தது. மறுமுனையில் ஒரு வாடிக்கையாளர் கத்தியது எனக்கே கேட்டது. "கறுப்பு ஷூ வாங்கலாம்னு உள்ள வந்தா, என் கூடையில லேடீஸ் சிவப்புச் செருப்பு கிடக்கும்மா!"

நான் நிரலைத் திறந்து பார்த்தேன். சோதனைக்காக எல்லோருக்கும் ஒரே அடையாள எண்ணைக் கொடுத்திருந்தேன், மாற்ற மறந்துவிட்டேன். ஊருக்கே இப்போது அக்காவின் கூடைதான்.

"கூடை தொலையாதுன்னுதானேக்கா சொன்னேன். எல்லார்கிட்டயும் பத்திரமா இருக்கு."

அக்கா என்னை முறைத்தபடி போனில் கேட்டாள். "அதை எடுத்துடவா சார்?"

"வேணாம்மா. வீட்டுக்காரி பார்த்துட்டா, பிடிச்சிருக்காம். ஏழாம் நம்பர் இருக்கா?"

"இருக்கு சார், எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.

"நீயே சாயங்காலத்துக்குள்ள அந்த எண்ணை மாத்திடு" என்றவள், வருஷக்கணக்கில் விலை போகாத பச்சைச் செருப்பையும் கூடையில் போட்டாள். "அதுவரைக்கும் இதுவும் கிடக்கட்டும்."