உள்ளே தெரிந்த கை

பட்டறையில் தீ விபத்து நடந்த பதினோராம் நாள், திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, வெல்டிங் அக்காவின் இடது கை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை கண்ணாடியாக மாறியது. கட்டு மாற்ற வந்த நர்ஸ் "உள்ளே தெரிகிறது" என்று சீட்டில் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். தீக்காய வார்டில் நின்று வாய் பார்க்க யாருக்கு நேரம்?

அந்தக் கையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அக்கா இடக்கைக்காரி. காகிதம் மாதிரித் தகட்டை ஓட்டை விழாமல் ஒட்ட எங்கள் பட்டறைத் தெருவிலேயே அந்த ஒரு கைதான். பெரிய கம்பெனிக்காரர்களும் அவளுக்காகக் காத்துக் கிடந்தார்கள். பெருமையடிக்கிறேன் என்றால் ஆமாம், அடிக்கிறேன். ஆனால் புண் ஆறவில்லை. வெள்ளிக்கிழமை கையை எடுத்துவிடலாம் என்று சர்ஜன் நாள் குறித்துவிட்டார். அக்காவின் புருஷன், லேத்துக்காரர், அதைக் கேட்டதிலிருந்து கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய தங்கை பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணியின் கைக்குள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு செல்லும் அரிசி அளவுக்குத் தெரிந்தது. நடுவில் முறுக்கேணி மாதிரி மரபு இழை, அக்காவை அக்காவாகச் செய்வதற்கான மொத்த வரைபடமும் அதில்தான். வேண்டிய இடத்தை மட்டும் நகலெடுத்துச் சின்ன இழைகள் வெளியே ஓடின. அந்த நகலைப் படித்து மணி கோத்துப் புரதம் செய்யும் குட்டி யந்திரங்கள் கோக்க மணியில்லாமல் வெறும் கையோடு நின்றன. எரிக்கச் சர்க்கரை குவிந்து கிடந்தது. கொழுப்பால் கட்டும் செல்லின் சவ்வுச் சுவர்களோ பாதியில் நின்றிருந்தன.

"ஐயையோ அண்ணி, என்னதான் சாப்பிடறீங்க?"

"சர்க்கரைத் தண்ணி, கஞ்சி. வேற எதுவும் உங்க அண்ணன் விடல."

லேத்துக்காரர் வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "நெருப்புப் பட்ட உடம்பும்மா. கொழுப்பு கிட்ட வரலாமா? பால், முட்டை, மீன் எல்லாத்தையும் நான்தான் நிறுத்தினேன்."

பட்டறைக்காரன் செய்யக்கூடிய தப்புதான். ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கம் எண்ணெய்க் கையோடு போனால் குப்பென்று பற்றிக்கொள்ளும் என்று எங்கள் ஃபோர்மேன் தோலை உரித்துவிடுவார். அந்தச் சட்டத்தை மனுஷன் பெண்டாட்டியின் வயிற்றுக்கும் போட்டிருக்கிறார்!

"அண்ணா, வரைபடம் இருக்கு, கரி இருக்கு, ஆளும் இருக்கு. சரக்கு வராம எந்தப் பட்டறை ஓடும்?" என்றாள் தங்கை. அவர் தலையில் அடித்துக்கொண்டு முட்டை வாங்க ஓடினார்.

செவ்வாய்க்கிழமை முட்டையிலிருந்து வந்த மணிகள் கோத்துக்கொண்டன. சங்கிலிகள் தாமாக மடிந்தன, சில கயிறாகிப் புண்ணை இழுத்துப் பிடித்தன, சில கத்தரியாகிச் செத்ததை வெட்டின. சுவர்கள் எழும்பின. சுவர் இருந்தால்தானே சித்திரம். தெருவே ஷிஃப்ட் போட்டு வந்து பார்த்தது. ஃபோர்மேன், யாரையும் பாராட்டாத ஆள், நகலில் விழுந்த ஒரு பிழையை ஏதோ ஒன்று திரும்பி வந்து வெட்டி, சரியானதை வைத்து ஒட்டியதைப் பார்த்தார். "முப்பது வருஷத்துல இப்படி ஒரு தொழிலாளி எனக்கு வாய்க்கலியேடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மேலதிகாரி இல்லாமல், சண்டை இல்லாமல், இத்தனை பேர் எங்கள் அக்காவுக்காக உழைக்கிறார்களே!

வெள்ளிக்கிழமை சர்ஜன் வந்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"உங்களுக்கும் உள்ள இதேதான் சார்," என்றாள் அக்கா.

அறுவை ரத்தானது. கை ஆறியது, ஆனால் கண்ணாடியாகவே இருந்துவிட்டது. அந்தக் கையோடுதான் அவள் மறுபடி தகடு ஒட்டினாள். நான்கு வருஷம் கழித்து வெல்டிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது குமாஸ்தா தலை தூக்காமல் அங்க அடையாளம் கேட்டார். அவள் கையை மேசைமேல் வைத்தாள். "இடது கை, உள்ளே தெரியும்" என்று அவர் எழுதினார்.

"வேலை நடந்துக்கிட்டு இருக்குன்னும் சேர்த்துக்கோங்க சார்," என்றாள்.

குமாஸ்தா எட்டிப் பார்த்துச் சரிதான் என்று சேர்த்துக்கொண்டார்.