ராஜப்பா மகளுக்குப் போட்ட ஜிங்க்

1

கோலார் பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்காரர், சட்டைப்பையிலிருந்த ஜிங்க் மாத்திரை அட்டையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். கதைக்கு அவ்வளவுதான் ஆதாரம். மீதி என் கைச்சரக்கு.

முதல் வாக்கியம்: 'தங்கச் சுரங்கம் மூடப்பட்ட 2001இல், ஒரு நகரமே தன் நுரையீரலை...' வேண்டாம். கோலார் தங்கவயலைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் இருமத் தொடங்குகிறார்கள்.

2

பக்கத்து இருக்கைக்காரருக்கு ராஜப்பா என்று பெயர் வைத்தேன். தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் பகுதிக்காரர். இருபது வருடம் தங்க மில்லில் வேலை. தங்கம் கரைந்திருக்கும் சயனைடு நீரில் ஜிங்க் தூளைப் போடுவார்; கண்ணுக்குத் தெரியாத தங்கம் கருஞ்சேறாகக் கீழே இறங்கும். மில் போயிற்று. மிச்சம் மகள் பல்லவியும் அவளுடைய இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வும்தான். மூளைக்கு ஜிங்க் அவசியம் என்று ஏதோ வாரப் பத்திரிகையில் படித்தார். போதாதா?

"படிச்சதெல்லாம் ரத்தத்துல கரைஞ்சு கெடக்குது கண்ணு. ஜிங்க் போட்டா மூளைல எறங்கிடும்."

"எனக்கு வாந்திதான் நைனா மேல ஏறுது."

"பின்ன இன்னா? மில்லுல நாறாமயா தங்கம் எறங்குச்சு?"

தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. போன வாரம் மாதிரித் தேர்வில் விடைத்தாள் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

3

(இங்கே கொஞ்சம் அறிவியல். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். ராஜப்பாவும் தாண்டித்தான் போனார்.)

பத்திரிகை சொன்னது பொய்யில்லை. மூளைக்கு ஜிங்க் வேண்டும். ஆனால் மூளைக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரிலேயே ஒரு காவல் இருக்கிறது. இரத்தத்தில் ஜிங்க் குறைந்தால் அது கூடுதலாக உள்ளே இழுக்கும். மிகுந்தால் உள்ளே விடுவதைக் குறைக்கும். வயிற்றில் எவ்வளவு கொட்டினாலும் மூளையிலுள்ள அளவு லேசில் அசையாது. ஷிப்ட் முடிந்து ஒவ்வொரு நாளும் மில் கேட்டில் தங்கச் சோதனைக்குக் கைகளைத் தூக்கி, சட்டையை உதறி, டிபன் டப்பாவைத் திறந்துகாட்டிவிட்டு வந்த மனிதருக்கு, மகளின் தலைக்கு மட்டும் கேட்டே கிடையாது என்று தோன்றியதுதான்...

(முடிக்கவில்லை. சிரிப்பு வந்தது. கூடவே, அவருக்கு வேலை போய்விட்டது ஞாபகம் வந்தது.)

4

ஒரு முடிவு: பல்லவி முதல் ரேங்க். மாத்திரைக் கம்பெனி காலண்டரில் அவள் படம். இந்தக் கதையையும் அவர்களுக்கே விற்றுவிடலாம்.

இன்னொன்று: மனைவி கங்கம்மா அட்டையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிகிறாள். இதுவரை கதைக்குள் விடாதவளைச் சண்டைக்கு மட்டும் கூப்பிடுவது நியாயமில்லை.

மூன்றாவது என் கையில் நிற்கவில்லை. கோலாரில் தேர்வு மையம். வரிசையில் ராஜப்பா மகளின் கையில் ஒரு மாத்திரையை வைத்து அழுத்துகிறார்.

"இது ஒண்ணே ஒண்ணு, கண்ணு."

"உள்ள வாந்தி வந்தா சீட்டு போச்சு நைனா."

"வராது. போட்டுக்க."

கேட்டில் காவலர் பல்லவியின் பென்சில் டப்பாவைத் திறக்கச் சொல்கிறார். ராஜப்பாவின் இரண்டு கைகளும் தாமாக மேலே போகின்றன.

"நீங்க எதுக்குங்க?"

"பழக்கம் சார்."

மணி அடிக்கிறது. மாத்திரை பல்லவியின் உள்ளங்கையில் வியர்க்கிறது. அவள் விழுங்குவாளா, விழுங்கியதுபோல் நடிப்பாளா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் மூளை அதற்காகக் காத்திருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே, இன்னும் கைகளை இறக்காமல், ராஜப்பாதான் காத்திருக்கிறார்.