நிழல் வரும்வரை

அப்பாவின் காலுக்கு வெள்ளைக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்த செலீனா பாதியில் கையை நிறுத்தினாள். பாதத்தின் மேல்பக்கம் கருஞ்சிவப்பாகக் கன்றியிருந்தது. விரலோரத்தில் ஒரு கொப்புளம். சிலிப்பர் வார் கிடந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் பட்டையாகத் தெரிந்தது.

"ஜெனவீவ், இது என்ன?"

தம்பி மனைவி ஜெனவீவ் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வெயிலு பட்டது அண்ணி."

"கொஞ்ச நேர வெயிலுக்குக் கொப்புளம் வருமா?"

"நேத்து கூடிப்போச்சு. கத்தாழை தடவி விட்டேன்."

அப்படியானால் நேற்றே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இன்று காலை மறுபடி வெளியே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாள். அந்தச் சக்கர நாற்காலியிலேயே அப்பாவின் உயிர் போயிருக்கிறது. செலீனா காலுறையை மேலே இழுத்துவிட்டாள்.

கிள்ளானில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள் அவள். இடுப்பு எலும்பு முறிந்து அப்பா தேறிய பிறகு, வைட்டமின் டி குறைவாக இருக்கிறது, எலும்புக்கு நல்லது, காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்றார் டாக்டர். நல்லதுதான். அப்பாவுக்கும் அதில் முகம் தெளிந்தது, இரவில் தூக்கம் வந்தது. ஆனால் கால் வீக்கத்துக்கு அவர் சாப்பிட்ட மாத்திரை உடம்பு நீரை இறக்கும், தோலையும் வெயில் தாங்காமல் செய்துவிடும். அதிக நேரம் விடாதே என்று ஜெனவீவிடம் அவளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

வந்த டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எண்பதைத் தாண்டியவர் நாற்காலியில் கண்ணை மூடினால் யார் காலுறையைக் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள்?

செலீனா அடுப்படிக்குப் போனாள். துருவித் துருவிக் கேட்பது அவள் சுபாவம். இன்று அதை அடக்க அவள் விரும்பவுமில்லை. தம்பி அட்ரியன் லோரி ஓட்டிவிட்டு வந்த அதே சட்டையோடு, வந்தவர்களுக்குக் காப்பி கலக்கிக்கொண்டிருந்தான்.

"காலையில நீ எங்கடா இருந்த?"

"ஜெராம்ல, லோடு எறக்கிட்டு இருந்தேன்க்கா."

"அப்ப வீட்டுல அவ மட்டும்தான்."

அட்ரியன் கரண்டியைக் கீழே வைத்தான். "என்னக்கா பேசுற? ராவும் பகலும் அவதான்லா அப்பாவ பாத்துக்கிட்டா."

பாத்துப் பாத்துச் சலிச்சுப் போயிருக்கும் என்று செலீனாவின் நாக்கு நுனிவரை வந்தது. கூடத்தில் ஜெபமாலை தொடங்கிவிட்டதால் விழுங்கிக்கொண்டாள். ஆனால் முடிவெடுத்துவிட்டாள். நாளைப் பகலில் பெட்டியை மூடுவதற்கு முன் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். குடும்பம் இரண்டுபட்டாலும் சரி. அப்பா பேச்சிழந்தவர். அவருக்காக யாராவது பேசத்தானே வேண்டும்?

ஜெபம் முடிந்ததும் பின்கட்டில் ஜெனவீவைப் பிடித்தாள்.

"எப்பவும் அப்பாவ எப்ப உள்ள கூட்டிட்டு வருவ?"

"மாமாதான் சொல்லுவாரு. கால்ல நெழலு விழுந்தா கொவளைய கரண்டியால தட்டுவாரு. அதுக்கு முன்னாடி போனா நாற்காலி சக்கரத்த புடிச்சுக்குவாரு, விட மாட்டாரு."

அது உண்மைதான். அப்பா தோட்டத்தில் மண்டோராக, ஆள்களை வேலை வாங்குகிறவராக இருந்தவர். வேலை நேரத்துக்கு நிழல்தான் அவருக்குக் கடிகாரம். வாதம் வந்து பேச்சுப் போன பிறகும் அந்தக் கணக்கு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"இன்னைக்குத் தட்டலையா?"

"தட்டல அண்ணி. பின்னால துணி தொவைச்சுக்கிட்டே காது குடுத்துட்டு இருந்தேன். தட்டவே இல்ல."

அவள் கண்கள் ஒரு கணம் செலீனாவின் முகத்தில் நின்றன. ஏதோ சொல்ல வந்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எதையோ மறைக்கிறாள் என்பதில் செலீனாவுக்கு இனி சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை, அசாம் ஜாவா தேவாலயத்திலிருந்து ஆட்கள் வருவதற்கு முன்பே, அவள் வீட்டின் பக்கவாட்டுக்குப் போனாள். ரம்புத்தான் மரத்துக்கு எதிரே நாற்காலி அப்படியே கிடந்தது. நிழல் இங்கே எவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஜெனவீவின் பொய் கையும் களவுமாக அகப்பட்டுவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

செம்பனைக் காட்டுக்கு மேல் சூரியன் எழும்பியது. எப்போதும் போலத் தாழ்ந்த வெயில் மரத்தடி வழியாகப் புகுந்து வந்து பாதங்களைத் தொட்டது. இதமாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு ஏன் பிடித்தது என்று புரிந்தது. இனி சூரியன் ஏறி மரத்தின் தலைக்குப் பின்னால் போகும். நிழல் முற்றத்தில் விழும். அப்பா குவளையைத் தட்டுவார்.

காத்திருந்தாள். கழுத்து வியர்த்தது. பாதம் சுட்டது. நிழல் வரவில்லை.

அண்ணாந்து பார்த்தாள். மரத்துக்குத் தலையே இல்லை. கிளைகள் இருந்த இடத்தில் வெட்டுவாய்கள் ஈரம் காயாமல் வெளுத்துத் தெரிந்தன. போன வாரப் புயலுக்குப் பிறகு, கூரைமேல் விழுந்தால் அப்பாவுக்கு ஆபத்து என்று கிள்ளானிலிருந்தே ஆள் பிடித்து அனுப்பியவள் அவள்தான். வியாழக்கிழமை வெட்டி முடித்ததும் அட்ரியன் படம் அனுப்பினான். இப்பத்தான் நிம்மதி என்று பதில் போட்டாள். நேற்று வந்து இறங்கியபோதுகூட, வீட்டுப் பக்கம் நல்ல வெளிச்சமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளியும் சனியும் அப்பா இங்கே உட்கார்ந்து அந்த நிழலுக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஜெனவீவ் காப்பியோடு வந்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரிஞ்சது?" செலீனா திரும்பாமல் கேட்டாள்.

"மாமாவ தூக்கும்போது."

"அட்ரியன்கிட்ட சொன்னியா?"

"இல்ல. எதுக்கு?"

செலீனா நாற்காலியின் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஜெனவீவ் காப்பியைக் கீழே வைத்தாள். பிறகு முன்னால் வந்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் நிழல் செலீனாவின் பாதங்கள்மேல் விழுந்தது.

"உள்ள வாங்க அண்ணி," என்றாள். "நெழலு வந்துருச்சு."